ஆலங்குளத்தில் தளர்த்தாத திருகுகள்

நம் வயதுக்காரர்கள் இப்போது மூட்டு மாற்றிக்கொள்கிறார்கள், கண்ணுக்கு வில்லை மாற்றிக்கொள்கிறார்கள். நான் போன வாரம் டிரம்முக்குத் தோல் மாற்றினேன். சிரிக்காதீர்கள். கல்லூரியில் முப்பது ஆண்டுக்கு மேல் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன், எழுபதை நெருங்கும்போது ஒரு எலெக்ட்ரானிக் டிரம் செட் வாங்கி மாடி அறையில் வைத்துக்கொண்டால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடிப்பேன். சத்தம் எனக்கு மட்டும் கேட்கும். வெளியே நிற்பவர்களுக்குக் குச்சி படும் 'தப் தப்' மட்டும்தான். என் மனைவி ஒருநாள் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "காதுல மாட்டிக்கிட்டு நீங்க அடிக்கிறத பாத்தா, வெளிய இருக்கிறவளுக்கு, ஒங்களுக்கு வலிப்பு வந்த மாதிரில்லா தெரியுது" என்றாள்.

தோல் என்று பழக்கத்தில் சொல்கிறேன். தோல் கிடையாது. கொசுவலையைவிட நெருக்கமாக நெய்த, இரண்டடுக்கு வலை. மூன்று ஆண்டு அடித்ததில் நடு டிரம்மின் வலை பிசிறு கிளம்பி, வெள்ளை போய்ச் சாம்பல் நிறமாகி, நடுவில் ஒரு கட்டைவிரல் புதையும் அளவுக்குக் குழிந்திருந்தது. அடித்தால் ஒரு அடிக்கு இரண்டு சத்தம் வந்தது. சில அடிகளுக்குச் சத்தமே இல்லை. புது வலைகளை வரவழைத்தேன். திருகுகளைச் சாவி போட்டுக் கழற்றி, மேல் வளையத்தை எடுத்து, பழைய வலையை நீக்கினேன். அடியில் ஒரு பஞ்சுக் கூம்பு, அதற்குக் கீழே அடியை உணரும் வில்லை. தூசியைத் துடைத்துவிட்டுப் புது வலையைப் பரத்தி, வளையத்தை வைத்து, எதிர் எதிர்த் திருகாக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கினேன். கை அதை மறக்கவில்லை.

வலையோடு வந்த தாளில் பல மொழிகளில் குறிப்பு இருந்தது. வெயிலோ மழையோ, வெப்பமோ ஈரமோ, எதிலும் இதன் இறுக்கம் மாறாது என்று ஒரு வரி. சன்னலுக்கு வெளியே குற்றாலத்துச் சாரல் சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. நான் சாவியைக் கீழே வைத்தேன். திரும்ப எடுத்தேன். மாடியிலிருந்து இறங்கினேன், சமையலறை வரை போனேன், திரும்ப ஏறினேன். மூன்றாம் தடவை இறங்கும்போது மனைவி, "என்னத்த தேடுதீங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஏறக்குறைய அறுபது ஆண்டாகச் சொல்லிவரும் 'ஒன்றுமில்லை' அது. இங்கே அதை எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. தென்காசியில் கோயிலுக்குக் கிழக்கே ஒரு தெருவில் இருந்தோம். அப்பா பள்ளி ஆசிரியர். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டில் தங்கிச் செங்கோட்டையில் ஒரு மர டிப்போவில் வேலை பார்த்தார். இருபத்து மூன்று வயது. தலைமுடியை நெற்றியில் சுருட்டிவிட்டு அதற்காகவே அப்பாவிடம் திட்டு வாங்குவார். அந்த ஆண்டு ஆனி மாதம் அவர் செங்கோட்டை ரயிலடியிலிருந்து இரண்டு மரப்பெட்டிகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு ஜாஸ் டிரம் செட். மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ தேயிலைத் தோட்டத்துக் கிளப்பில் கிடந்ததாம். பெட்டியைத் திறந்ததும் கற்பூரமும் எலிப் புழுக்கையும் கலந்த வாசனை வந்தது. சிவப்புப் பளபளப்போடு மூன்று டிரம்கள், ஒரு தாம்பாளம் போன்ற பித்தளை. தோல்கள்தாம் போய்விட்டிருந்தன. மஞ்சளாகி, நடுவில் அடி பட்ட இடம் புண் போலக் கருத்து, ஒன்றில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

மாமாவும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் சேர்ந்து பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். சீசனில் குற்றாலத்து விடுதிகளில் சாயங்காலம் வாசிப்பார்கள். அதுவரை ஒரு டோலக்கோடு சமாளித்தவர்கள், டிரம் வந்ததும் நிலைகொள்ளாமல் போனார்கள். நானும்தான். என் கை எப்போதும் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டுத் தட்டு, பலகை, முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனின் முதுகு. அப்பா அதற்காகப் பிரம்பால் விரல் முட்டியில் அடிப்பார். மாமாவோ திருகு முடுக்கும் சாவியை என்னிடம் கொடுத்து, தொலைத்தால் தோலை உரிப்பேன் என்றார். அதை என் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். ஓடும்போது அது தொடையில் இடிக்கும். அந்த இடி எனக்குப் பெருமையாக இருந்தது.

தோல் மாற்றுவதற்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டார்கள். தெருவில் மாடு செத்தால் இழுத்துப்போக வருபவர் அவர். கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு வரும் பம்பைக்கும் தவிலுக்கும் தோல் கட்டுவார். தோல்காரன் என்போம். நாற்பது வயது இருக்கும். நீண்ட கழுத்து. தோல் பதனிடும் பட்டைச் சாயம் ஏறி நகமெல்லாம் கறுத்திருக்கும். செத்த மாட்டை இழுக்கத் தவிரத் தெருவழியாக வரமாட்டார். பின்பக்கச் சந்து வழியாக வந்து தொழுவத்துக்கு வெளியே நிற்பார். மாமா அவரை நீ என்பார். நானும் நீ என்றேன். பதினொரு வயதுப் பையன், "ஏய், இங்கன வா" என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் என்னைச் சின்னையா என்பார்.

அவர் அதற்கு முன் ஜாஸ் டிரம்முக்குத் தோல் கட்டியதில்லை. பழைய தோலைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், வளையத்தில் அது எப்படி மடித்துச் செருகப்பட்டிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். கட்டிவிடலாம் என்றார். மாமா அவரிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாளையங்கோட்டையில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் வாசிக்க அழைப்பு வந்திருந்தது.

"அங்கன இந்தத் தோலு நின்னு பேசிட்டுன்னா, நம்மூரு பேண்டு செட்டுக்காரர்ட்ட நான் சொல்லுதேன். அவர்ட்ட எட்டு டிரம்மு இருக்கு. வருசா வருசம் ஒனக்குத்தான்."

அவர் சிரித்தார். அதற்கு முன் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அது மட்டும் கெடைச்சிட்டுன்னா மொதலாளி, செத்த மாட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிருவேன்."

மாமா அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, "அப்போ மாட்ட யாரு இழுப்பா, நானா?" என்றார். ஆனால் தோல்காரர் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது எனக்கே புரிந்தது.

சாரலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், தீக்குச்சி உரசினால் மருந்து உதிரும், அப்பளம் பொரித்த கையோடு துவண்டுவிடும். அம்மா துணிகளைக் கவிழ்த்த பிரம்புக் கூடையின்மேல் போட்டு, உள்ளே கரிச்சட்டி வைத்து உலர்த்துவாள். ஈரத் தோலைக் கரிச்சூட்டில் காய வைத்தால் மொறமொறத்துப்போகும், வெயில்தான் வேண்டும் என்றார் தோல்காரர். தென்காசியில் வெயில் இல்லை. ஆகவே அவர் தோல்களை வளையங்களில் செருகித் தலையில் வைத்துக்கொண்டு, கீழப்பாவூருக்கு நடந்தார். அங்கே அவருடைய அக்கா வீடு. சாரலின் கடைசி நுனி அதற்கு முன்பே முடிந்துவிடும், அங்கே வெயில் அடிக்கும். நான்கு நாள் அங்கேயே இருந்து காயவைத்துக் கொண்டுவந்தார். டிரம் போலவே வட்டமாக, பால் நிறத்தில், தட்டினால் நகம் பட்டது போல் சத்தம் வரும் தோல்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் தொழுவத்தருகே டிரம்களை வைத்துத் தோல் ஏற்றினார். கொண்டுவந்த இரண்டு நாளிலேயே சாரல் ஈரம் ஏறித் தோல் தொய்ந்திருந்தது. மாமா அடித்துப் பார்த்தார். நனைந்த சாக்கைத் தட்டியதுபோல் 'பொத்' என்றது. விடிந்தால் கிளம்ப வேண்டும், கூட்டாளிகள் கடைசித் தடவையாக ஒத்திகை பார்க்க வந்துவிட்டார்கள். இறுக்கு என்றார் மாமா. தோல்காரர் தயங்கினார். பிறகு நான் சாவியைக் கொடுக்க, அவரே இறுக்கினார். எட்டு, ஆறு, எட்டு, மொத்தம் இருபத்திரண்டு திருகு. இறுக்கிய ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு பொட்டு தேன்மெழுகை உருக்கி வைத்தார். வண்டி ஆட்டத்தில் திருகு தானாக நெகிழாமல் இருக்க அது; சாவி போட்டுத் திருப்பினால் உடைந்துவிடும். பிறகு மாமாவிடம் சொன்னார்:

"மொதலாளி, இது சாரலுக்கு இறுக்கினது. இங்க தோலு தண்ணியக் குடிச்சிட்டுத் தொங்குது. கெழக்க போனா அந்தத் தண்ணி வத்தும். வத்துனா சுருங்கும். ஏற்கெனவே இழுத்துக் கட்டுன தோலு, எங்கன போயிச் சுருங்கும்? ஆலங்குளத்துல வண்டிய நிப்பாட்டி எல்லாத் திருகையும் ரெண்டு சுத்து தளத்திருங்க. மறந்திராதீங்க."

மாமா என்னைக் காட்டி, சாவி அவனிடம்தானே இருக்கிறது, அவன் தளர்த்துவான் என்றார்.

அன்று மாலை ஒத்திகையில் அந்த டிரம் பேசியது. வேறு சொல் தெரியவில்லை எனக்கு. குச்சி பட்டதும் சத்தம் சுவரில் மோதித் திரும்பி நெஞ்சுக்குள் புகுந்தது. அம்மாகூட அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தோல்காரர் சந்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பாட்டு முடியும்வரை நனைந்தபடி நின்றார்.

மறுநாள் விடிகாலை டிப்போவின் சின்ன லாரியில் கிளம்பினோம். பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரல் நின்றது. மேகம் பின்னால் மலையோடு தங்கிவிட்டது. ஆலங்குளத்துக்கு வரும்போது எட்டு மணி, வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. டீக்கடையில் நிறுத்தினார்கள். மாமா என்னிடம், இருபத்திரண்டும் இரண்டு சுற்று, போ என்றார்.

நான் லாரியில் ஏறினேன். சாவியை அவிழ்த்துக் கையில் எடுத்தேன். அது உண்மை. அப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கத் திடலிலிருந்து ஒலிபெருக்கியில் ஒருவன் கத்தினான். ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் ஓட்டுகிற வித்தைக்காரர் இப்போது சைக்கிளிலேயே குளிக்கப்போகிறார், வாருங்கள், வாருங்கள். லாரியிலிருந்து குதித்து ஓடினேன். ஒல்லியான மனிதர், கண்கள் உள்ளே போய், கால் மட்டும் எந்திரம்போல் மிதித்துக்கொண்டிருந்தது. வட்டத்தில் சுற்றியபடியே வேப்பங்குச்சியால் பல் தேய்த்தார். கூட இருந்தவன் ஓடிக்கொண்டே குடம் நீட்ட, அதை வாங்கித் தலையில் கவிழ்த்தார். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். லாரியின் ஹாரன் கேட்டபோது பாதி வட்டத்தில் அவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

ஓடிவந்து ஏறினேன். மாமா முன்சீட்டிலிருந்து திரும்பி, "தளத்திட்டியாலே?" என்றார். தளர்த்திவிட்டேன் என்றேன்.

பின்னாளில் எனக்கு நானே வேறொரு காரணம் சொல்லிக்கொண்டதுண்டு. முந்தின நாள் கேட்ட அந்தச் சத்தம் போய்விடுமே என்றுதான் தளர்த்தவில்லை என்று. அதுவும் கொஞ்சம் உண்டோ என்னவோ. ஆனால் அது கௌரவமான காரணம் என்பதால்தான் அதைச் சேர்த்துக்கொண்டேன். சைக்கிள்காரன் குளிப்பதைப் பார்க்கப் போனேன் என்பதுதான் நடந்தது.

கல்யாண வீட்டில் தெருவை அடைத்துத் தகரப் பந்தல். தாலி கட்டி முடிந்ததும் பாட்டு. பந்தலுக்குள் அனல். வாழை இலைகள் ஓரம் கருகித் தொங்கின. முதல் பாட்டு நன்றாகப் போனது. சத்தம் முந்தின நாளைவிடக் கூர்மையாக, காதைக் குத்துவதுபோல இருந்தது. மாமா சிரித்துக்கொண்டே வாசித்தார். மூன்றாவது பாட்டின் நடுவில் சின்ன டிரம் வெடித்தது. துப்பாக்கி போலச் சத்தம். ஒரு குழந்தை வீறிட்டது. மாமா நிறுத்தாமல் அடுத்ததற்குக் கையைக் கொண்டுபோனார். அதுவும் நான்கைந்து அடியில் ஓரத்திலிருந்து கிழிந்து மேலே சுருண்டது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "என்னவே, பாட்டோட வேட்டும் போடுவீயளோ?" என்றார். பந்தலே சிரித்தது. பெண் வீட்டுக்காரர் ஒருவர் வந்து, போதும், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்றார். கிராமபோனை வைத்தார்கள்.

திரும்பும் வழியில் மாமா கிழிந்த தோலின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்திக்கொண்டே வந்தார். நான் பின்னால் பெரிய டிரம்முக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். அது மட்டும் தப்பியிருந்தது. அதன் எட்டுத் திருகுத் தலையிலும் மெழுகு உடையாமல் இருந்தது. சாவியால் சுரண்டிவிடலாம் என்று தோன்றியது. மாமா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால் முடியவில்லை.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே தோல்காரர் வந்தார். எப்படிப் போயிற்று என்று கேட்க வந்தார். சாரலில் ஆற்றைத் தாண்டி நடந்து வந்து, சாக்கைத் தலையிலிருந்து எடுத்து உதறிவிட்டு, தொழுவத்துக்கு வெளியே முகம் மலர நின்று, "சத்தம் எப்பிடி மொதலாளி?" என்றார்.

மாமா கிழிந்த தோலோடு வளையத்தை அவர் முன்னால் விட்டெறிந்தார். சகதியில் போய் விழுந்தது. பூச்சி அரித்த தோலைக் கட்டி ஊர் சிரிக்க வைத்துவிட்டாய் என்று கத்தினார். இன்னும் என்னென்னவோ சொன்னார். அவற்றை எழுத என்னால் முடியாது. தெருவுக்கே கேட்டது. அப்பா கையில் செய்தித்தாளோடு பின்பக்கம் வந்தார்.

தோல்காரர் குத்தவைத்து உட்கார்ந்து கிழிசலில் கட்டைவிரலை ஓட்டினார். பூச்சி அரித்திருந்தால் நூல் நூலாகப் பிரியும், இது நேராகக் கிழிந்திருக்கிறது, இழுப்புத் தாங்காமல் போனது என்று மெதுவாகச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, "ஆலங்குளத்துல தளத்துனீயளா?" என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார்.

"இருபத்திரண்டு திருகும்," என்றேன். "ரெண்டு ரெண்டு சுத்து. எண்ணி எண்ணித் தளத்துனேன்."

எண்ணி எண்ணி என்பதை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். பொய்யை எப்படிக் கட்ட வேண்டும் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தன் பிள்ளை அடிவாங்குவான், பொய் சொல்லமாட்டான் என்றார். எத்தனையோ நாள் அவர் வாயிலிருந்து வராதா என்று நான் ஏங்கிய பாராட்டு அது.

பெரிய டிரம் தொழுவத்து ஓரத்தில் இருந்தது. தோல்காரரின் கண் அதற்குப் போனது. ஒரு திருகு, அடுத்த திருகு, அடுத்தது. அவர் வைத்த மெழுகு வைத்தபடியே இருந்தது. கைநீட்டிக் காட்டினால் போதும். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ஏதோ கணக்குப் போடுகிறவர்போல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, தலையைக் குனிந்து சொன்னார்:

"தோல்லதான் குத்தம் ஐயா. நான் சரியாப் பாக்கல."

பேண்டு செட்டு வேலை செங்கோட்டையிலிருந்து வந்த வேறொருவருக்குப் போனது. ஐப்பசியில் எங்கள் எதிர்வீட்டுப் பசு செத்தது. ஆள் அனுப்பினார்கள். கயிற்றோடு அவர்தான் வந்தார். அடைமழையில் அதன் காலில் கயிற்றைக் கட்டித் தெருக்கோடி வரை இழுத்துப்போவதை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். என் விரல்கள் சன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தன. நான் தட்டுகிறேன் என்பதே அப்புறம்தான் தெரிந்தது.

அவர் என்னைக் காப்பாற்றினார் என்று நெடுநாள் நம்பினேன். சின்னப்பையன் அடிவாங்கக் கூடாது என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்ட பெரிய மனது என்று. அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. அவர் மன்னித்துவிட்டார் என்றால் நான் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

பதினைந்து ஆண்டு கழித்து அந்த நம்பிக்கையும் போனது. கொல்லத்தில் ஒரு கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விடுமுறை முடிந்து செங்கோட்டையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, சரக்குப் பெட்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவரின் கழுத்தைப் பார்த்தேன். அந்த நீண்ட கழுத்து. அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டு, சின்னையா சுகமா என்றார். முதல் தடவையாக அவரை நீங்கள் என்றேன். அதுவே எனக்கு ஏதோ பெரிய காரியம் செய்தது போலிருந்தது. அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன், அன்று நான் தளர்த்தவில்லை என்று.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"அது தெரியும். மெழுகு ஒடையலயே." துண்டைத் தோளில் போட்டார். "தெரிஞ்சவன்ட்ட வந்து சொல்லி என்ன செய்ய? ஒங்க மாமாட்டல்லா சொல்லணும். பேண்டுக்காரர்ட்டல்லா சொல்லணும்."

அடுத்த மூட்டைக்குக் குனிந்துவிட்டார். எனக்குப் பெரிய மனது தேவைப்பட்டதால் அவரிடம் அதைக் கண்டேன். அன்று அவர் கணக்குப் போட்டது எதற்கென்று அந்த நடைமேடையில்தான் விளங்கியது. வாத்தியார் பிள்ளை பொய்யன் என்று அந்தத் தொழுவத்தில் நின்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி எந்தச் சந்து வழியாக எந்த வீட்டுக்கு வர முடியும்?

சொன்னேனா மாமாவிடம்? இல்லை. அப்போது அப்பா இருந்தார். அப்பா போனபின் மாமாதான் முன்னின்று என் தங்கை கல்யாணத்தை நடத்தினார். பிறகு அவருக்கு உடம்பு சரியில்லை. காரணத்துக்கா பஞ்சம். வகுப்பில் ஈரப்பதம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம், சாரலில் கட்டிய தோல் கிழக்கே போனால் கிழியும் என்று எடுத்துக்காட்டுச் சொல்வேன். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். எங்கே கற்றீர்கள் என்று ஒருவனும் கேட்டதில்லை. கேட்டுவிடுவானோ என்று ஒவ்வொரு ஆண்டும் சுண்ணக்கட்டியை உருட்டிக்கொண்டு நிற்பேன்.

போன வாரம் வலை மாற்றிய மறுநாள் பஸ் ஏறி ஆய்க்குடிக்குப் போனேன். மாமா அங்கே தன் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். காதில் கருவி. தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை அணைத்துவிட்டு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். உட்கார முடியவில்லை, நின்றுகொண்டேதான் சொன்னேன். பாளையங்கோட்டைக் கல்யாணம், ஆலங்குளம், சைக்கிள்காரன், எல்லாம். மறந்திருப்பார் என்று நினைத்தேன். கேட்டு முடித்ததும் வாயில் வெற்றிலை இல்லாமலே மென்றார்.

"தெரியும்லே. மேடையிலயே பாத்துட்டேன். ரெண்டாவது கிழிஞ்சதும் பெரிய டிரம்மத் தொட்டேன், மெழுகு அப்பிடியே இருந்துது."

"பின்ன ஏன் மாமா அவர அந்தப் பேச்சுப் பேசுனீங்க?"

"ஒங்கப்பா வீட்டுல சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். அவரு பிள்ளைய அவரு முன்னாலயே பொய்யன்னு சொல்லிட்டு நான் எங்கன போறது? ஆத்தரத்த எங்கயாச்சும் கொட்டணும்லா." முழங்காலைத் தடவிக்கொண்டார். "அவனும் ஒத்துக்கிட்டான். ஒத்துக்கிட்டவன நாம என்ன செய்ய?"

ஆக, மெழுகு உடையவில்லை என்று தெரிந்தவர்கள் அந்தத் தொழுவத்தில் மூன்று பேர். தெரியாதவர் அப்பா ஒருவர்தான். அவருக்கு முன்னால் மூன்று பேரும் ஒருவர்மேல் பழியைப் போட்டோம். மூவரில் ஒருவர், தானே தன்மேல் போட்டுக்கொண்டார்.

அவருடைய ஆட்கள் யாராவது இருப்பார்கள், போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். என்னத்துக்குலே இனிமே என்றார் மாமா. அவர் பெயர் என்ன என்று கேட்டேன். மாமா சன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். எதையோ நாக்கு நுனிவரை கொண்டுவந்தவர்போல் ஒரு விரலைத் தூக்கினார். அப்புறம் அந்த விரலைத் தாழ்த்திவிட்டார்.

"பேரா? தோல்காரன்னுதானலே கூப்புடுவோம்."

எனக்கும் தெரியாது. செங்கோட்டை நடைமேடையில், அவ்வளவு பேசியபோதும், கேட்கத் தோன்றவில்லை.

நேற்றோடு மூன்று முறை ஆற்றைத் தாண்டிப் போய்விட்டு வந்தேன். இப்போது அங்கே மாடி வீடுகள். வாசலில் இரண்டு சக்கர வண்டிகள். சந்திப்பில் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு பெரிய பதாகை. நேற்று முனைக் கடையில் நின்றிருந்த ஓர் இளைஞர், "யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். தெரு முனையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் வீட்டுக்கு என்று சொல்ல என்னிடம் இருப்பது ஒரே ஒரு சொல். அதை அவர் முகத்துக்கு நேரே நான் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. மழைக்கு ஒதுங்கினேன் என்றேன். அவர் தன் நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார்.